அரைவிலைக் கடல்

டிசம்பரில் பாசிக்குடா அரைவிலை.
ஏன் அரைவிலை என்று
நாலு பேரில் ஒருத்தியும் யோசிக்கவில்லை.
அதிலும் வக்சலா புவியியல் படிப்பிக்கிறவள்,
வடகீழ்ப் பருவக்காற்றைக்
கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள்.

இரண்டு வருஷத் திட்டம்.
முதல்தரம் பர்ஹானாவின் மகனுக்கு டெங்கு.
மறுகா ஜெனித்தாவின் மாமி விழுந்து இடுப்பெலும்பு.
மறுகா பெற்றோல் இல்லை.
மறுகா என் புருஷன்,
"கடலில என்ன கிடக்கு?"
களுவாஞ்சிகுடியில் வீட்டுக்குப் பின்னாலேயே
கடல் கிடக்கு, உண்மைதான்.
அதன் கரையில் நான் மீன் வாங்கியிருக்கிறேன்.
கால் நனைத்ததில்லை.

வான் கிரானைத் தாண்டும்போது
வயலும் றோட்டும் ஒரே தண்ணி.
எருமைகள் றோட்டு நடுவில்.
இனி மேடு அதுதான் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.
"திரும்புவமா மிஸ்?" என்றான் சாரதி
மூன்றுதரம்.
நாலு பேரும் ஒரே குரலில் இல்லை என்றோம்,
ஸ்டாஃப் மீற்றிங்கில் ஒருநாளும் வராத ஒற்றுமை.

அறையின் சன்னலில் கடல் இருக்கவில்லை.
வரவேற்பில் நின்ற பொடியன் கையை நீட்டி
"அந்தா, கடல்" என்றான்,
வராத மாப்பிள்ளையைக் காட்டுகிற கூச்சத்தோடு.
சாம்பல். அதற்குப் பின்னாலும் சாம்பல்.
இடையில் ஒரு சிவப்புக் கொடி
கம்பத்தைச் சுற்றி ஒட்டிப்போய்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
கொண்டுபோன இடியப்பத்தைத் தின்றுவிட்டு
முந்நூற்றி நாலு விளையாடினோம்.
துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு
முகம் மாறாமல் இருக்கப் பர்ஹானாதான்.
போன்கள் ஒவ்வொன்றாய் அடித்தன.
அரிசி எந்த வாளிக்குள்ள?
மகளின்ட இன்ஹேலர் எங்க?
குசினி ஒழுகுது, எந்தச் சட்டிய வைக்கிற?
கடைசியில் நாலையும் தலகாணிக்குக் கீழே வைத்தோம்.
தலகாணி நடுங்கிக்கொண்டே கிடந்தது.

அப்போதுதான் ஜெனித்தா
பையிலிருந்து அதை எடுத்தாள்.
மட்டக்களப்பு பஜாரில்
மச்சாளுக்கு என்று பொய் சொல்லி வாங்கிய நீச்சலுடுப்பு.
முழங்கால்வரை. விலைத்துண்டு தொங்குது.
நாற்பத்தாறு வயதில் முதலாவது.
"எனக்கென்ன கா, காசு குடுத்து வாங்கினது"
என்றவள் உடுத்திக்கொண்டு
பின்கதவைத் திறந்து
பீலியால் கொட்டும் தண்ணிக்குக் கீழே போய் நின்றாள்.

பிரம்பில்லாமல் எட்டாம் வகுப்பை அடக்குகிறவள்
அண்ணாந்து வாயைத் திறந்து
மழையைக் குடித்தாள்.
விலைத்துண்டில் பேனையால் எழுதியிருந்தது கரைந்து
தோளில் நீலமாய் இறங்கியது.
வக்சலா சேலையோடு போனாள்.
பர்ஹானா அபாயாவோடு,
செருப்பைக் கழற்றிச் சுவரோரம்
ஒழுங்காய் வைத்துவிட்டு.

நான் வாசலில் நின்றேன்.
ஒருத்திக்கும் சொல்லவில்லை:
மழை பெய்யட்டும் என்று
பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் நேர்ந்தவள் நான்.
அலையைக் கண்டால் எனக்குக் கால் கூசும்.
எப்ப இருந்து என்று கேட்பார்கள்.
வருஷத்தைச் சொன்னால் இவர்களுக்கு விளங்கும்.
விளங்கினால் பிறகு
ஒருநாளும் என் முன்னால் கடல் என்று சொல்லமாட்டார்கள்.
அது எனக்கு வேண்டாம்.

"வா கா!" என்றது பீலிக்குக் கீழிருந்து.
போனேன்.
என்ன குளிர்.
ஓட்டுப் பாசி மணத்தது.
காது நிறைய மழை,
அதற்கு அப்பால் அலைச் சத்தம் கேட்டதா, தெரியாது.
ஜெனித்தா சிரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் காசு கட்டும்போது
பத்து நிமிஷம் வெளித்தது.
கடல் அங்கேதான் இருந்திருக்கிறது,
கொடிக்கு அந்தப் பக்கம், சின்ன அலையோடு.
வான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன்.
கிரானுக்கு முதலே மறுபடி பிடித்துக்கொண்டது.

ஊர் போனதும் கோயிலுக்குப் போகவேண்டும்.
அரைவிலைக்கு ஒரு தேங்காய் காணுமா என்று
பிள்ளையாரிடம்தான் கேட்கவேண்டும்.